பருத்தி நூல் சிட்டத்துக்கு எது: வாட் சாயமா, ரியாக்டிவ் சாயமா?

வாட் சாயம் தண்ணீரில் கரையாது; ரசாயனத்தால் கரைய வைத்து நூலில் ஏற்றி, காற்றாட விட்டு மறுபடி கரையாததாக்கணும். ரியாக்டிவ் சாயம் நூலோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். விலையில் வாட் கூடுதல். பளிச்சென்ற சிவப்பும் டர்க்காய்ஸும்தான் வேண்டுமென்றால் மேலே படிக்க வேண்டாம், ரியாக்டிவ்தான். லுங்கி, துண்டு, ஆஸ்பத்திரி விரிப்பு என்று வெயிலும் வெந்நீரும் படுகிற துணிக்கு என் ஓட்டு வாட்டுக்கே. நிறம் நிற்பது ஒரு காரணம். பெரிய காரணம் உப்பு.

10 கிலோ சிட்டம், 1:20 கணக்கில் 200 லிட்டர் தண்ணீர். ரியாக்டிவில் அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் மொத்தம் 12 கிலோ. நூலைவிட உப்பு எடை அதிகம்! சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிட்டு அத்தனையும் கழிவுநீரோடு போய்விடும். சுண்ணாம்போ நுண்ணுயிர்த் தொட்டியோ அதை எடுக்காது; ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அங்கே தீராமல் நின்ற சிக்கலும் இதுதான். போதாக்குறைக்கு, நூலில் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயத்தை அலசி அலசி எடுக்க வேண்டும்.

அதே 200 லிட்டர் வாட்டில் காஸ்டிக் சோடாவும், சாயத்தைக் கரைய வைக்கும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) தலா ஒரு கிலோ சொச்சம். 60 டிகிரியில் போடும் ஐ.என். வகைக்கு உப்பே வேண்டாம், குளிர்நிலை ஐ.கே. வகைக்குக் கொஞ்சம் வேண்டும். இதுவும் சுத்தமான தண்ணீரை விடுவதில்லை: காஸ்டிக்கை அமிலத்தால் சமன்செய்யணும், ஹைட்ரோஸ் சல்பேட்டாக மிஞ்சும். ஆனாலும் சுமை வெகு குறைவு. குறைந்த தண்ணீரில் ஓடும் இயந்திரங்களில் இந்த இடைவெளி சுருங்கும்.

வாட்டுக்குக் கண் தொட்டியிலேயே இருக்கணும். மஞ்சள் வாட் தாளை (சோதனைத் தாள்) அதில் நனைத்தால் சில விநாடிகளில் நீலமாக மாறணும். தாமதித்தால் ஹைட்ரோஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் சாயம் நூலுக்குள் போகுமுன் காற்றுப்பட்டு மேலேயே படியும். திட்டுத் திட்டாகும், தேய்த்தால் கையில் ஒட்டும். காற்றாட விட்டபின் 15 நிமிடம் சோப்பில் கொதிக்க வைப்பதை விட்டாலும் அதே கதிதான். உண்மையான நிறமும் அப்போதுதான் தெரியும்.

நீலத்தில் மட்டும் எச்சரிக்கை. இன்டாந்த்ரோன் என்ற நீல வாட் சாயம் பிளீச்சிங் பவுடர் பட்டால் பச்சையடிக்கும். லேசான ஹைட்ரோஸ் குளியல் பெரும்பாலும் மீட்டுத்தரும், ஆனால் சலவைக்காரர் அதைச் செய்யப்போவதில்லை. ஆஸ்பத்திரி விரிப்புக்கு பிளீச்சிங் தாங்கும் ஜேட் கிரீன் (பச்சை வாட் சாயம்) போடுங்கள்.