கனடாவில் சுற்றுகிற அந்த மான் வேட்டைக் கையேட்டை நம்பித் தோட்டா வாங்காதேங்கோ

ஒன்ராறியோப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் தமிழில் ஒரு மான் வேட்டைக் கையேடு இருபது டொலருக்கு விற்கப்படுகிறது. புதிதாகத் துவக்கு அனுமதி எடுத்த ஆட்களுக்கு எந்தத் தோட்டா, எத்தனை கிரெய்ன் நிறையுள்ள சன்னம் (தோட்டாவின் முன்னுக்கு இருந்து பறந்து போய்ப் படுகிற உலோகத் துண்டு) என்று சொல்லித் தருகிற பிடிஎஃப். நன்றிப் பக்கத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதித் தந்தவர் என்று என் பெயர் கிடக்கிறது. அதை விற்கிற ஆளுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனால் இப்போது அதற்குள் இருப்பது நான் எழுதியது இல்லை. எனக்கு வரவேண்டிய காசு வராத கதையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் முதலில் இதை வாசியுங்கோ.

.30-30 வின்செஸ்டர் தோட்டா போடுகிற லீவர் துவக்கு (விசைக்குக் கீழே இருக்கிற பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிறது) வைத்திருந்தால் அந்தக் கையேட்டின் சன்னப் பக்கத்தை உடனே அழித்துவிடுங்கோ. 1895இல் வந்த தோட்டா அது. கிழக்குக் கனடாவின் அடர்ந்த பற்றைக் காடுகளில் இன்றைக்கும் ஆட்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தத் துவக்குகள் பெரும்பாலானவற்றில் குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாய், அதுதான் மகசீன். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் கிடக்கிற சன்னத்தின் மூக்கு, முன்னால் கிடக்கிற தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கிற, குத்துப்பட்டால் தீப்பற்றுகிற சிறு மூடி) முட்டிக்கொண்டிருக்கும். அங்கே கூர்மூக்குச் சன்னம் போட்டால், சுடும்போது வருகிற உதையில் அந்தக் கூர் பிரைமரைக் குத்தி, மகசீனுக்குள்ளேயே வெடிக்கலாம். இடது கை இருப்பதும் அந்தக் குழாயில்தான். அதனால்தான் .30-30க்குத் தட்டை மூக்கோ உருண்டை மூக்கோ உள்ள 150 அல்லது 170 கிரெய்ன் சன்னம் விற்கிறார்கள். ஹோர்னடி போன்ற நிறுவனங்கள் இரப்பர் போல நெளிகிற நுனி வைத்து இதற்கென்றே செய்கிற தோட்டா மட்டும் விதிவிலக்கு. நான் இதைத் தனிப் பெட்டி போட்டு எழுதியிருந்தேன். இப்போது பெட்டி இல்லை. அந்த இடத்தில், “கூர்மூக்குச் சன்னம் காற்றை நன்றாகக் கிழிக்கும், எல்லாத் துவக்குக்கும் அதையே வாங்கவும்” என்று ஒரு வரி நிற்கிறது. கீழே ஒரு கடையின் இணைப்பு.

இது எனக்குத் தெரியவந்தது சித்தப்பாவால். அவர் கனடாவில் நெடுங்காலம் மான் வேட்டைக்குப் போகிற ஆள். கையேட்டின் முதல் வரைவை வரி வரியாகப் பார்த்துத் தந்தவரும் அவர்தான். கோயில் குழுவில் யாரோ அந்தப் பிடிஎஃப்பைப் போட, இரவு நேரம் பாராமல் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “டேய், உது நீ எழுதினதோ? லீவருக்குக் கூர்ச் சன்னம் போடச் சொல்லியெல்லோ கிடக்கு. ஆரையேன் சாக்கொல்லப் போறியோ?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனுப்பச் சொல்லி வாசித்தேன்.

வாசித்து முடிக்கப் பொழுது விடிந்தது.

மான் வேட்டை தெரியாத யாழ்ப்பாணத்துப் பெடியன் உதை எழுதலாமோ என்று கேட்பியள். நான் எழுதிப் பிழைக்கிறவன். தண்ணீர்ப் பம்பி தொடக்கம் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் வரை கைநூல் எழுதியிருக்கிறேன். மானை வன்னியில் வீதி கடக்கும்போது மட்டும்தான் கண்டிருக்கிறேன். இஞ்ச மானுக்கு வெடி வைத்தால் 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான். தோட்டா நிறுவனங்கள் வெளியிடுகிற அட்டவணைகள், ஒன்ராறியோ அரசின் வேட்டை விதிச் சுருக்கம், சித்தப்பாவின் வாய் ஆகிய மூன்றையும் வைத்து எழுதினேன். ஒரு எண்ணும் கைவாக்கில் போட்டது இல்லை.

கையேட்டில் மாறிய மற்ற இடங்களையும் சொல்கிறேன். சிலது சிரிப்பு, சிலது சிரிப்பில்லை.

சிரிப்பானது: கிரெய்ன் என்று வந்த இடமெல்லாம் கிராம் ஆகிவிட்டது. எழுத்துப்பிழை என்று நினைத்து விற்கிற ஆள் ஒரே அமத்தில் மாற்றியிருக்கிறார். ஒரு இறாத்தலுக்கு 7,000 கிரெய்ன். 150 கிரெய்ன் சன்னம் 9.7 கிராம்தான் வரும், ஒரு தங்கப் பவுணைவிடக் கொஞ்சம் கூட. 150 கிராம் என்றால் பதினெட்டரைப் பவுணுக்கு மேல், ஒரு தாலிக்கொடி. தாலிக்கொடியைக் குழலுக்குள் போட்டுச் சுடச் சொல்கிறது கையேடு. இதோடு, பெட்டியில் போட்டிருக்கிற கிரெய்ன் உள்ளே இருக்கிற வெடிமருந்தின் நிறை என்று வேறு ஒரு விளக்கம். அது சன்னத்தின் நிறை. மருந்து நிறையைக் கடைப்பெட்டியில் போடவே மாட்டார்கள். வீட்டில் தோட்டா நிரப்பப் பழகுகிற ஒருவர் அந்த விளக்கத்தை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கோ.

சிரிப்பில்லாதது: “.303, .308, .30-06 மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. கிடைப்பதை வாங்கலாம்.” 303 எங்கட ஊரில் வயது போன ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த துவக்கு, லீ என்ஃபீல்ட். கனடாவிலும் பழையது இன்னும் ஏராளம், மான் வேட்டைக்கும் கொண்டுபோகிறார்கள். அதன் சன்னத்தின் விட்டம் 0.311 அங்குலம் அளவு. .308இன் சன்னம் 0.308. பெயரில் சிறிய எண் உள்ளதுதான் உண்மையில் பெரியது. கோதும் (மருந்தை அடைத்திருக்கிற உலோகக் கூடு) வேறு: 303க்கு அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை. .308க்கும் .30-06க்கும் சன்னம் ஒரே விட்டம் என்பது உண்மை. ஆனால் .308இன் கோது 51 மில்லிமீற்றர், .30-06 63. நீளமானது துவக்கின் குட்டையான தோட்டா அறைக்குள் போகாது. குட்டையானது நீளமான அறைக்குள் போய்விடும், சிலவேளை வெடிக்கவும் செய்யும். அப்போது தாங்க இடமில்லாமல் கோது கிழிந்து, வாயு சுடுகிற ஆளின் முகப்பக்கம் வரலாம். குழலில் என்ன பெயர் பொறித்திருக்கிறதோ, பெட்டியிலும் தோட்டாவின் அடியிலும் அதே பெயர் இருக்க வேண்டும். இதைத் தாண்டி ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம்.

மற்றது, மலிவுத் தோட்டா. எஸ்கேஎஸ் என்கிற பழைய சோவியத் இராணுவத் துவக்குக்குப் பெட்டி பெட்டியாய் விற்கிற பழைய இராணுவத் தோட்டாவை மானுக்குப் பாவிக்கலாம், காசு மிச்சம் என்று புதிதாக ஒரு அத்தியாயமே சேர்த்திருக்கிறார். இராணுவச் சன்னம் முழுக்க உலோகம் போர்த்தது. உடலுக்குள் விரிகிற சன்னம் போரில் கூடாது என்று 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனமே சொல்கிறது. வேட்டையில் வேண்டியது நேரெதிர்: விலா எலும்பைத் தாண்டி நுரையீரலுக்குள் போய் விரிய வேண்டும், மான் கெதியாய் விழ வேண்டும். விரியாத சன்னம் மெல்லிய ஓட்டை போட்டு மறுபக்கம் போய்விடும். மான் காயத்தோடு எங்கோ ஓடி, இருட்டில் கிடந்து சாகும். இங்கிலாந்தில் விரியும் சன்னம் சட்டப்படியே கட்டாயம். அதோடு பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும், குழல் வாயில் 1,700 அடி-இறாத்தல் சக்தியும் வேண்டும். இலண்டனில் இருக்கிற ஆட்களும் அந்தப் பிடிஎஃப்பை வாங்கியிருப்பதால் சொல்கிறேன்.

.243 வின்செஸ்டர் பற்றிய பக்கமும் கவனம். உதை குறைவு, பெண்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் தோதானது என்று நான் எழுதியதை விட்டு வைத்திருக்கிறார். ஆனால் 90, 100 கிரெய்ன் என்று நான் போட்டதை 55 ஆக்கிவிட்டார், “வேகம் கூட” என்று. வேகம் கூடத்தான். 55 கிரெய்ன் சன்னம் நரி, அணில் வகைக்குச் செய்தது. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே நொருங்கிவிடும்.

இதெல்லாம் ஏன் மாறியது? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கடையின் இணைப்பு இருப்பதைப் பார்த்தால் தெரியும். முதல் வரைவு கிடைத்ததும் அவர் குரல் பதிவு அனுப்பினார். “தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர், ஆனா இவ்வளவு பயப்படுத்தக் கூடாது. வாசிக்கிறவன் கடைக்குப் போகாமலே விட்டுடுவான்.” அதற்குப் பிறகு ஒரு நாள், எல்லாருக்கும் .300 வின்செஸ்டர் மக்னம் (மருந்து கூடின, பலத்த தோட்டா) நல்லது என்று மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். வெண்வால் மான் யானை இல்லை. .308இல் 150 கிரெய்ன், .270இல் 130, 7 மிமீ-08இல் 140, 6.5 கிரீட்மோரில் 140 அளவு, இவற்றில் எதுவும் சாதாரண தூரத்துக்குக் காணும். .30-06 வைத்திருக்கிறவர் மானுக்கு 150, மூஸ் என்கிற மிகப் பெரிய மானுக்கு 180 என்று மாற்றிக்கொள்ளலாம். மக்னத்தின் உதை .243இன் உதையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். புதிதாகச் சுடப் பழகுகிற ஆள் இரண்டு வெடி வைத்ததும் மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பான். கண்ணை மூடினவனின் சன்னம் எத்தனை கிரெய்னாய் இருந்தென்ன?

நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டது போலத்தான் இருந்தது. இப்போது கையேட்டின் முதல் பக்கமே மக்னம்தான்.

சட்டப் பகுதியை முழுதாகத் தூக்கிவிட்டார். ஒன்ராறியோவில் ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கிற சிறு தோட்டா) ரைபிளால் மான் சுட முடியாது. துவக்கு சீசனில் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலமாவது பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், தெற்கு ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிளே கூடாது. ஷொட்கன், இடியன் துவக்கு (குழல் வாயால் மருந்து இடித்து நிரப்புகிறது), வில்லு மட்டும்தான். ஸ்காபரோவில் இருந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓடிப் போகிற எங்கட ஆட்கள் இந்தக் கையேட்டைப் பார்த்து ஆயிரக்கணக்கில் கொட்டி மக்னம் ரைபிள் வாங்கி, போன இடத்தில் அதை வெளியே எடுக்கவே முடியாமல் நிற்கலாம்.

இனிக் காசுக் கதை. இஞ்ச வீட்டில் இருந்து வெளிநாட்டுக்கு எழுதுகிற, வடிவமைக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

பேசியது 85,000 ரூபா. முற்பணமாக 15,000 உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்புகிற வழி) வந்தது, மிச்சம் முடிந்ததும் என்றார். ஊர்க்காரர், அப்பாவோடு படித்தவரின் தம்பி, அண்ணை என்று கூப்பிடுகிற உறவு. முடித்து அனுப்பியதும் “வடிவாய் இருக்கு” என்றார். பேந்து காசைக் கேட்டால், “இந்தக் கிழமை உண்டியல்காரன் இல்லை.” பேந்து, “சீசன் முடியட்டும், வித்த காசில தாறன்.” கடைசியில், “நீர் எழுதினதைப் பாதிக்கு மேல நான்தான் திருத்தினனான், அதுக்கு ஏன் முழுக்காசு?” அவர் திருத்தின இலட்சணத்தைத்தான் மேலே வாசித்தீர்கள். சித்தப்பா அவரோடு எடுத்துக் கதைத்த அன்றோடு அந்த ஆள் என்னை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார். பெயரையாவது எடுத்துவிடுங்கோ என்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

அவர் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் ஏழு நாளில் செய்திகள் மறைகிற அமைப்பைப் போட்டிருந்தார். காசு பேசியது, மாற்றச் சொன்னது, குரல் பதிவு எல்லாம் அப்படியே கரைந்து போயிற்று. என்னிடம் மிஞ்சியது வரைவுகளை அனுப்பிய மின்னஞ்சல்கள் மட்டும், திகதியோடு. நான் எழுதினது எது, அவர் மாற்றினது எது என்று இன்றைக்கு என்னால் காட்ட முடிவது அவற்றால்தான். அதனால் வேலை தருகிறவர் அண்ணையோ மாமாவோ, காசும் வேலை விபரமும் மின்னஞ்சலில் வரட்டும். மறைகிற செய்தி அமைப்பைப் பார்த்தால், எடுக்கச் சொல்லுங்கோ; எடுக்காவிட்டால் அந்த ஆளோடு வேலை வேண்டாம். அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்து அத்தியாயம் அத்தியாயமாகக் காசு வாங்குங்கோ. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவரின் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் கோண்டாவிலில் இருந்து ரொரன்ரோவுக்கு அதைக் கொண்டுபோகிற செலவு அந்த எழுபதாயிரத்தைவிடக் கூட.

அவருடைய பெயரை இஞ்ச போடவில்லை. பின்னூட்டத்திலும் யாரும் ஊகம் சொல்லாதேங்கோ, அழித்துவிடுவேன். வேட்டைக் குழுக்களில் இருக்கிற சொந்தக்காரருக்கு இதை அனுப்பினால் போதும். சித்தப்பா பார்த்துத் திருத்திய மூல வரைவில் தோட்டாப் பக்கங்களும் சட்டப் பக்கங்களும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பிடிஎஃப்பைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் உட்பெட்டியில் கேளுங்கோ, சும்மா அனுப்பி விடுகிறேன். லீவர் துவக்கு வைத்திருக்கிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்; மகசீனில் கிடக்கிற தோட்டாவை இன்றைக்கே வெளியே எடுத்து மூக்கைப் பாருங்கோ.