டஸ்கீகி: செங்கல் பார்க்கவே போகலாம்

அட்லாண்டாவிலிருந்து மான்ட்கோமரிக்குப் போகிறவர்களில் பலர், 85ஆம் நெடுஞ்சாலையில் டஸ்கீகி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள். அலபாமாவின் டஸ்கீகி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை ஒரு வரலாற்றுத் தலத்தைப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கறுப்பின மக்களுக்காக 1881இல் பள்ளியாகத் தொடங்கியது இன்றும் பல்கலைக்கழகமாக நடக்கிறது என்பதால், நாம் வேடிக்கை பார்க்கிற கட்டடத்தைத் தாண்டி மாணவர்கள் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட வந்தவர் என் மாமனார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் முதல் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வாழ்ந்த 'தி ஓக்ஸ்' என்ற வீட்டின் முன்னால் நான் தகவல் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, அவர் நேராகச் சுவரிடம் போய்விட்டார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல மாப்பிள்ளை, கையால அறுத்த கல்லு" என்றார். அதற்கப்புறம்தான் நானும் கவனித்தேன். சில கற்கள் ஆரஞ்சு நிறம், சில கருகிய சிவப்பு. ஓரங்கள்கூட நேராக இல்லை.

அந்தக் கற்களை அறுத்தவர்கள் மாணவர்கள். பள்ளி பிறந்த கதையிலிருந்தே சொல்கிறேன். தேர்தலில் கறுப்பின மக்களின் வாக்கைக் கேட்டு வந்த வெள்ளை வேட்பாளரிடம், முன்னாள் அடிமையும் தகர வேலைக்காரருமான லூயிஸ் ஆடம்ஸ் பதிலுக்குக் கேட்டது ஒரு பள்ளிக்கூடம். மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது, அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 25 வயதில் பள்ளியை நடத்த வந்து, ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஓட்டைக் குடிசையில் 30 பேருடன் வகுப்பைத் தொடங்கினார். மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து அவருக்குக் குடை பிடிப்பாராம்.

அப்புறம் ஒரு பழைய பருத்தித் தோட்டத்தை வாங்கினார்கள். கட்டடத்துக்குக் கல் வேண்டும் என்று சுமார் 25,000 கல் அறுத்துச் சூளை போட்டார்கள். முதல் சூளை தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது, கிட்டத்தட்ட ஒரு வாரம் எரிந்து, முடியப்போகிற நேரத்தில் நள்ளிரவில் சரிந்தது. கையில் காசில்லை. வாஷிங்டன் மான்ட்கோமரிக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை வெந்தது. கடிகாரம் திரும்பவே இல்லை. "படிக்க அனுப்பினால் மண் மிதிக்க வைக்கிறீர்களா" என்று பெற்றோர் சண்டைக்கு வந்தது தனிக்கதை. நானாக இருந்தாலும் சண்டைதான் போட்டிருப்பேன். ஆனால் கல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஊர் வெள்ளையர்களே வாங்க வந்தார்கள். 1915இல் வாஷிங்டன் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் 1,500 மாணவர்கள். தி ஓக்ஸ் உட்படப் பலவற்றை வடிவமைத்த ராபர்ட் டெய்லர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

வளாகத்தில் இருக்கும் அருங்காட்சியகம், இங்கே வேலை பார்த்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்கு உரியது. அது முன்பு பள்ளியின் சலவைக்கூடம். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, அது உண்மையில்லை. பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணுக்கு வேர்க்கடலையும் தட்டைப்பயறும் நைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்கும் என்பதை ஏழை விவசாயிக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய பெரிய வேலை. 1906இல் குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றிப் பண்ணைக்கே அனுப்பினார்கள். அவர் பின்னிய நூல் வேலைகளையும் தேடிப் பாருங்கள். விஞ்ஞானி என்று மட்டும் நினைத்துப் போனவர்களுக்கு அது ஆச்சரியம்.

வளாகத்தில் புக்கர் டி. வாஷிங்டன் சிலை, 1922இல் வைத்தது. பட்டறைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை மூடியிருக்கும் துணியை அவர் விலக்குகிறார். பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. துணியை விலக்குபவர் முழு உடுப்பில் நிமிர்ந்து நிற்க, மற்றவர் குனிந்தே இருக்கிறார். முதலில் கைத்தொழில், உரிமை பிறகு என்ற அவருடைய பாதையைக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1903இலேயே கடுமையாக விமர்சித்தார். அதே வாஷிங்டன், வாக்குரிமை வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவரும்கூட. ஆளை ஒரே வரியில் அடக்க முடியாது.

டஸ்கீகி என்றதும் மருத்துவம் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே கவனித்துக்கொண்டிருந்தது. அதற்கு வளாக மருத்துவமனையும் இடம் கொடுத்தது. 1997இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறநெறிக்கு ஒரு மையம் இயங்குகிறது. இதைப் பற்றி முன்கூட்டிப் படித்துவிட்டுப் போவது நல்லது.

மதியத்துக்கு மோட்டன் ஃபீல்டை வைத்துக்கொள்ளுங்கள். காரில் கொஞ்ச தூரம்தான், அங்கும் கட்டணம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின விமானிகள் தொடக்கப் பயிற்சி பெற்ற இடம். குழந்தைகளுக்கு அங்குதான் பிடிக்கும். மாமனாருக்கு மட்டும் விமானக் கொட்டகையிலும் கண் சுவர் மேல்தான்.

தி ஓக்ஸ் உள்ளே போக அனுமதி உண்டா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு நாட்களில் போகாமல் இருப்பது நல்லது. கோடையில் போனால் காலையிலேயே வளாகத்தைச் சுற்றி முடித்துவிடுங்கள். எல்லாம் நடைதான், அலபாமா வெயில் சும்மா விடாது. வளாகத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வாஷிங்டன், கார்வர் இருவருடைய கல்லறைகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து நிதானமாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.