ஐடி நைஃப் 2: முனையில் பீங்கான் உருண்டை உள்ள கத்தி

நான் எண்டோஸ்கோபி அறை டெக்னீஷியன். அறுப்பது டாக்டர். கத்தியை நீட்டி, உள்ளிழுத்து, கரி துடைத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே இது பக்கத்தில் நின்று பார்த்தவனின் விமர்சனம்.

இரைப்பையின் உள்தோலைத் தாண்டாத ஆரம்பப் புற்றுநோயை, வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியே ஸ்கோப் விட்டு உரித்தெடுப்பதுதான் ஈஎஸ்டி. இரைப்பைச் சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வெறும் ஊசிக்கத்தி கொஞ்சம் அழுந்தினாலும் ஓட்டை விழுந்துவிடும். அதனால்தான் 1990களில் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்து மருத்துவர்கள் அந்த முனையில் ஒரு பீங்கான் உருண்டையை மாட்டினார்கள். இந்தக் கத்திகள் மின்சாரச் சூட்டால் அறுப்பவை. பீங்கானில் மின்சாரம் பாயாது. முனை தசையில் பட்டாலும் சுடாது. ஒலிம்பஸ் கம்பெனியின் ஐடி நைஃப் 2-இல் உருண்டைக்குப் பின்னால் மூன்று குட்டி அலகுகளும் உண்டு. பக்கவாட்டில் இழுத்து அறுக்க அதுதான் உதவி.

இதன் பலம் வேகம். கட்டியைச் சுற்றிப் புள்ளி வைத்து, நீலச்சாயம் கலந்த உப்புநீரை அடியில் ஏற்றி உப்பவைத்த பிறகு, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தூரத்திலிருந்து நம் பக்கமாக இழுத்தால் ஒரே இழுப்பில் நீளமான வெட்டு விழும். சின்ன ரத்தக்குழாய்களை அதே கத்தியால் சுட்டு அடைத்துவிடலாம். பெரியது என்றால் இடுக்கி மாதிரியான கோயாக்ராஸ்பர்தான்.

குறை என்ன? முனை அறுக்காது என்பதால் தோலுக்குள் தானாக நுழையவும் தெரியாது. முதலில் நீடில் நைஃபால், அதாவது வெறும் ஊசிக்கத்தியால், துளை போட்டுத் தர வேண்டும். அதாவது பில்லில் இன்னொரு கத்தி ஏறும். தவிர, இதன் வழியே திரவம் ஏற்ற முடியாது. உப்பல் வற்றும்போதெல்லாம் கத்தியை உருவி, இன்ஜெக்‌ஷன் நீடில் விட்டு, மறுபடி கத்தி. எனக்கு அலுப்புத் தட்டுவது இங்கேதான். டியூவல் நைஃப் ஜே என்ற இன்னொரு கத்தியில் அதன் முனை வழியாகவே ஏற்றிவிடலாம், உருவ வேண்டியதில்லை.

பழைய புண் ஆறித் தழும்பாகிக் கெட்டித்துப்போன இடத்தில் உருண்டை அடியில் நுழையாமல் முரண்டு பிடிக்கும். அங்கே இதை நம்ப வேண்டாம். அப்புறம், பீங்கான் இருக்கிறதே என்ற அசட்டுத் துணிச்சலும் கூடாது. அலகைச் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்தி இழுத்தால் இதுவும் தசையைக் கிழிக்கும். உணவுக்குழாயின் குறுகலுக்கு இந்த உருண்டை பெரிது. அதற்கென்றே முனை சிறுத்த ஐடி நைஃப் நானோ இருக்கிறது.

என் மதிப்பெண்: இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு ஐந்துக்கு நாலரை, தழும்பு விழுந்த இடத்துக்கு இரண்டு. ஒரு நோயாளிக்கு ஒன்று என்றுதான் இது வருகிறது. கழுவி அடுத்தவருக்கும் ஓட்டலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் வாங்காமலே இருக்கலாம்.