ஸ்பைக் சப்பாத்தா, மெத்தையடிச் சப்பாத்தா?

மட்டக்களப்பில் குறுந்தூர ஓட்டம் பழகும் பிள்ளைகள் பலர் புற்றரையிலும் மணற்பாங்கான பாடசாலை மைதானங்களிலும் ஓடுவதால், சப்பாத்தைத் தெரிவுசெய்யுமுன் தரையைப் பார்க்க வேண்டும். ஸ்பைக் சப்பாத்து என்பது முன்பாதத்தின் கீழ் சிறு ஆணிகள் பொருத்திய சப்பாத்து. அதன் அடி முன்பாதத்தில் விறைப்பாகவும் குதியில் மெத்தை குறைந்தும் இருப்பதால், புறப்படும்போது ஊன்றிய கால் வழுக்காமல் உந்தல் முன்னோக்கிச் செல்கிறது; அதே காரணத்தால் கெண்டைக்காலும் குதிநாணும் கூடுதல் சுமையைத் தாங்க நேர்கிறது. செயற்கைத் தடத்தில் குறுந்தூர ஓட்டத்துக்கான ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது சர்வதேச விதி. மாரியில் நனைந்த புல்லிலோ அந்த ஆணிகளுக்கிடையே சேறு அப்பிக்கொள்ளும். கழற்றித் துடைக்காவிட்டால், நம் கரையோர உப்புக்காற்றில் அவை துருவேறி இறுகிவிடும்.

மெத்தையடிச் சப்பாத்து அந்த வேகத்தைத் தராது. எனினும் உடலைச் சூடேற்றவும் மெல்லோட்டத்துக்கும் அதுவே உகந்தது. ஒரு சோடிக்குத்தான் பணமுண்டு எனில், நான் இதையே வாங்கச் சொல்வேன்.