காந்திபுரத்தில் மட்டைக்கு நரம்பு கட்டும் கடை: எட்டு மாத அனுபவம்

கோவை காந்திபுரத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இந்தச் சிறிய கடையில்தான் எட்டு மாதங்களாக என் மகளின் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிறோம். பெரிய ஆட்டக்காரர்கள் கட்டுவது என்று சொல்லி முன்பு வேறொரு கடையில் விறைப்பான பாலியெஸ்டர் நரம்பை 56 பவுண்டு இழுப்பில், அதாவது நல்ல இறுக்கத்தில், கட்டிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முழங்கை வலிக்கத் தொடங்கியது.

இங்கே இருக்கும் பெரியவர் நரம்பின் விலையைச் சொல்வதற்கு முன், "அம்மணி, பந்தை ஓங்கி அடிப்பயா, பாத்து வெப்பயா?" என்று கேட்டார். மட்டையைச் சாய்த்துப் பிடித்து, நரம்பு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மென்மையான இழை நரம்பை 50 பவுண்டில் கட்டலாம் என்றார். கட்டும்போது ஒவ்வொரு குறுக்கு நரம்பையும் விரல் நுனியால் நேராக்கிக்கொண்டே போனதையும், நரம்பு நுழையும் துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழலான குரோமெட் ஒன்று விரிசல் விட்டிருந்ததைத் தாமாகவே கண்டு மாற்றியதையும் அருகில் நின்று பார்த்தேன்.

சுவரில் இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் படம் இருக்கிறது. 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற அவருக்கு அதிரடியான சர்வீஸ் கிடையாது. ஆனாலும் 1987இல் சிட்னியில் நடந்த, நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வாலி மசூரை நேர் செட்களில் தோற்கடித்து இந்தியாவை இறுதிப்போட்டிக்குக் கொண்டுசென்றதையும், 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய முதல்நிலை வீரரான மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியதையும், நரம்பை இழுத்துக்கொண்டே பெரியவர் என் மகளுக்குச் சொன்னார். எதிராளியின் வேகத்தையே வாங்கி, பந்தை ஆளில்லாத இடத்தில் வைக்கும் அந்த ஆட்டத்தை அவர் அவ்வளவு அன்போடு விவரித்ததால், பலம் போதவில்லை என்று சோர்ந்திருந்த என் மகள் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பொறுத்தவரை, வாங்கிய 250 ரூபாய் கூலிக்கு இது மிகப் பெரிய வரவு.

குறை என்றால், போட்டிகள் நடக்கும் வாரங்களில் மட்டை திரும்பக் கிடைக்க மூன்று நாள் ஆகிவிடுகிறது. கட்டிய தேதியையும் பவுண்டையும் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை; நான்தான் மட்டையின் கைப்பிடிக்கு மேலே சிறிய ஒட்டுத்தாளில் குறித்து வைக்கிறேன்.

முழங்கை வலி நின்று ஐந்து மாதமாகிறது. அறுந்துபோகாவிட்டாலும் நரம்பு தளர்ந்துவிடும் என்று பெரியவர் எச்சரித்திருப்பதால், பொங்கலுக்கு முன் மறுபடியும் போகிறோம். இந்த முறை 51 பவுண்டு கேட்கப்போவதாக மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.