குரோம்பேட்டையில் ஐந்து வாரம்: அக்காவின் சர்க்கரை ஊசி

இந்த முறை சென்னைக்குக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக நான் பத்திரமாக வைத்திருந்தது இரண்டு மவுன்ஜாரோ பேனாக்களை. லண்டனில் ஒரு வருடமாக என் சர்க்கரைக்கு வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி. விமானத்தில் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் மருந்து உறைந்துபோகலாம், ஒருமுறை உறைந்தால் அது வீண்தான். அதனால் குளிர்ப்பையில் போட்டு, டாக்டர் கடிதத்தோடு கையிலேயே கொண்டுவந்தேன். மீனம்பாக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் வெயில்தான் கேட்டது. 2025 மே மாதம், கத்திரி நடுவில் இருந்தது. திறந்த பேனாவை 30 டிகிரிக்குக் கீழே 30 நாள் வரை வெளியில் வைக்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். குரோம்பேட்டை வீட்டில் அந்த 30 டிகிரி காலை எட்டு மணிக்கே தாண்டிவிடுகிறது.

பேனாவைப் பார்த்ததும் அக்கா, "ஏண்டி, இதைப் போட்டுத்தான் இப்படி இளைச்சியா? எனக்கும் வாங்கிக் குடேன்" என்றாள். அக்காவுக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்க்கரை வந்து 14 வருடம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.9 சதவீதம். எடை குறையவில்லை, மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போனது.

வாங்கிக் கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. மார்ச் மாதம்தான் இந்த மருந்து இந்தியாவுக்கு வந்திருந்தது, அப்போது பேனாவாக இல்லை, குப்பியாக. 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 என்று விலை இருந்தது. விலை விசாரிக்கத்தான் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. குளிர்பானம் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து, சாதாரண காகித உறையில் போட்டு நீட்டினார். ஐஸ் பேக் இருக்கிறதா என்றேன். "பக்கத்துல தானேம்மா வீடு" என்றார். டாக்டர் எழுதித் தராமல் விற்கக் கூடாத மருந்து, வயிற்றைப் புரட்டிப் போடக்கூடிய மருந்து. வாங்காமல் திரும்பி வந்தேன்.

அப்பாவை நாங்கள் வருடக்கணக்காக ராயபுரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறோம், 1954-இல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனைக்கு. இந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனைகள் இத்தனை காலமாக இருக்கும் ஊர் இது. இங்கே இருந்துகொண்டு கடை ஃப்ரிட்ஜை நம்பி ஊசி போடுவானேன் என்று, தென் சென்னையில் இருக்கும் அப்படியொரு இடத்தில் அக்காவுக்கு முழு நாள் பரிசோதனைக்குப் பதிவு செய்தேன்.

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம். அப்புறம் அங்கேயே கேன்டீனில் இட்லி, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். நடுவில் சிறுநீர், இசிஜி, கண், பாதம். ஒவ்வொரு அறையாக ஒரு பெண் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும், விழித்திரையைப் படம் எடுத்தார்கள். ஆரம்பநிலைப் பாதிப்பு இருந்தது. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. நான்கு வருடமாகக் கண்ணை யாரிடமும் காட்டவில்லை.

பாதப் பரிசோதனைதான் என் மனதில் அப்படியே நிற்கிறது. பேனா மாதிரி ஒரு கருவியைக் கட்டை விரல் அடியில் வைத்து அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். உணர்ந்ததும் சொல்ல வேண்டும். "இப்போ தெரியுதாம்மா?" "இல்லை." "இப்போ?" "இல்லைங்க." இடது கால் 18 வோல்ட்டில் தெரிந்தது. வலது கால் 27 வரை போயிற்று. 15-க்குள் தெரிந்தால் நல்லது, 25-ஐத் தாண்டினால் காலில் புண் வந்தாலும் தெரியாமல் போகும் அபாயம். அக்கா தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போனால் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு சுற்றுகிறவள்.

மாலையில் டாக்டர் அரை மணி நேரம் பேசினார். முதலில் மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். மெட்பார்மின், கிளிமெபிரைடு, இரவுக்கு வில்டாகிளிப்டின். "விரதம் உண்டாம்மா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மதியம் வரை சாப்பிட மாட்டேன் என்றாள் அக்கா. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. கிளிமெபிரைடு, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் மேல் பசியைக் குறைக்கும் ஊசியும் சேர்ந்து, அன்று விரதமும் என்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கிளிமெபிரைடைப் பாதியாகக் குறைத்தார்.

வில்டாகிளிப்டினை நிறுத்தியே விட்டார். ஏன் என்று கேட்டேன், ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். சாப்பாடு உள்ளே போனதும் குடல் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இன்க்ரெடின் ஹார்மோன்களை அனுப்புகிறது. சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கச் சொல்லி கணையத்துக்குப் போகும் சேதி அது. உடம்பில் உள்ள டிபிபி-4 என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஊசியோ, எளிதில் சிதையாத சேதியையே ஒரு வாரத்துக்கு உள்ளே வைக்கிறது. இரண்டும் ஒரே பாதை, சேர்த்துப் போட்டால் செலவுதான் கூடும், பலன் கூடாது.

"பல்லி விஷம்னு சொல்றாங்களே டாக்டர்?" என்றாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸெனடைடுதான் இந்த வகையில் முதல் மருந்து. கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட ஒரு பொருளைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள். அக்காவுக்கு எழுதும் டிர்செபடைடு, அதாவது மவுன்ஜாரோவில் இருக்கும் மருந்து, ஆய்வகத்தில் வடிவமைத்தது, பல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊசிக்குப் பதிலாக, இதே வழியில் வேலை செய்யும் செமாக்லுடைடு மாத்திரை பற்றியும் சொன்னார். எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் தொடக் கூடாது. ஐந்தரை மணி டிகாக்‌ஷன் காபியை அக்கா அரை மணி தள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளும் ஒத்துக்கொண்டாள். கண் பாதிப்பு இருப்பதால் சர்க்கரை திடீரென்று இறங்கக் கூடாது, 2.5-இல் தொடங்கி மெதுவாகப் போகலாம், மூன்று மாதத்தில் கண்ணை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்திருக்கிறதா என்றும் கேட்டார். கடைசியாக, "மாசாமாசம் வாங்க முடியுமா? நடுவுல நிறுத்தினா சர்க்கரையும் எடையும் திரும்ப ஏறும்" என்றார். தொடக்க அளவுக்கே மாதம் நான்கு குப்பி, அன்றைய விலையில் 14,000 ரூபாய். நான் தருகிறேன் என்றேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் சீட்டுக்குக் கட்டணமே இல்லை. நான் இலவசமாகப் போட்டுக்கொள்வதை இங்கே அக்காவுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எங்கள் அடுக்குமாடியில் வேலை செய்யும் அம்மாவுக்கும் சர்க்கரைதான். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை அவர் வீட்டுக்கே வந்துவிடுகிறது, ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஊசியை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இன்க்ரெடின் வழியில் வேலை செய்வது ஊசி மட்டும் இல்லை. வில்டாகிளிப்டின் வகையைச் சேர்ந்த சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-இல் முடிந்ததும் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. எடையைக் குறைக்காது, ஆனால் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் குறைவு. ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நம் உறவுக்காரர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

மருந்தை மருத்துவமனைக் கடையிலேயே வாங்கினோம். வெப்பமானி வைத்த தனி ஃப்ரிட்ஜ், தெர்மாகோல் பெட்டி, இரண்டு ஜெல் பேக். குப்பி ஜெல்லை நேராகத் தொடாமல் நடுவில் அட்டை வைத்துக் கட்டினார் கடைப் பையன். நர்ஸ் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்: குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்ச 100 யூனிட் சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி. நம் ஊர்க் கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும். அதில் கோடுகளே வேறு, அளவு குழம்பிவிடும்.

வீட்டு ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு. ஃப்ரீசருக்கு நேர் கீழ்த் தட்டில் கொத்தமல்லியே உறைந்துபோகும், அங்கே வைக்கவில்லை. கதவிலும் வேண்டாம், திறந்து மூடினால் சூடு ஏறும். நடுத்தட்டில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், டிபன் டப்பாவுக்குள் வைத்தோம்.

முதல் ஊசி ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் நாள் அக்காவுக்குக் குமட்டல், மூன்றாம் நாள் மலச்சிக்கல். டயட்டீஷியன் சொன்னபடி தட்டில் சோற்றைக் குறைத்து, சுண்டலும் முட்டையும் மோரும் கூட்டினோம். எடையோடு தசையும் கரையக் கூடாது என்று அந்தப் பெண் அழுத்திச் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரம் குமட்டல் அடங்கியது. வெள்ளிக்கிழமை விரதத்தை அக்கா விடவில்லை, காலையில் பாலும் பழமும் மட்டும் சேர்த்துக்கொண்டாள், விரலில் குத்தி சர்க்கரையும் பார்த்தாள்.

ஆகஸ்ட்டில் பேனாவும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. போன் செய்து, மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "குப்பியே கை பழகிடுச்சுடி. நீ அடுத்த தடவை வரும்போது கோயிலுக்குப் போட்டுக்கற மாதிரி தடிச்ச சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிட்டு வா" என்றாள்.