அப்பாவுக்கு ரிவாஸ்டிக்மின் பேட்ச்: 8 மாத அனுபவம்

11 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுடன் வாழும் என் அப்பா, யாருமில்லாத கூடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சென்ற ஆண்டு சொல்லத் தொடங்கியபோதுதான், இந்நோய் கைநடுக்கத்தோடு நிற்பதில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. 1817-இல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவுக்குக் கேடு வருவதில்லை என்றே எழுதினார். ஆனால் சிட்னியில் 136 நோயாளிகளை 20 ஆண்டுகள் கவனித்துவந்த ஆய்வில், அதுவரை உயிரோடிருந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் குன்றும் நிலை, வந்திருந்தது. அண்மைய ஆய்வுகள் இதைவிடக் குறைந்த விகிதத்தைக் காட்டுவது சற்றே ஆறுதல். கணக்காசிரியராக இருந்த அப்பாவுக்குப் பெயர்களும் முகங்களும் நினைவிலிருந்தன. பால் கணக்கைத்தான் வரிசையாகப் போட முடியவில்லை.

நடுக்கத்துக்காக நெடுநாள் கொடுத்துவந்த டிரைஹெக்சிஃபெனிடைல் மாத்திரை சிந்தனையை மந்தமாக்கக்கூடியது என்று விளக்கி, நரம்பியல் மருத்துவர் முதலில் அதைப் படிப்படியாக நிறுத்தினார். பிறகு டிமென்ஷியாவுக்காகத் தந்த ரிவாஸ்டிக்மின் காப்ஸ்யூல் வாந்தியை உண்டாக்கியதால், அதே மருந்தின், தோலில் ஒட்டும் பேட்சுக்கு மாறினோம்.

24 மணி நேரத்தில் 4.6 மில்லிகிராம் மருந்தைத் தோல்வழியே செலுத்தும் பேட்ச் முதல் நான்கு வாரங்களுக்கு, அதன்பின் 9.5 மில்லிகிராம். அப்பாவின் கைக்கு எட்டாத மேல்முதுகில், ஈரம் நன்றாக உலர்ந்தபின் 30 விநாடி உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினால், வியர்வையிலும் கழல்வதில்லை. ஒட்டிய இடத்தில் 14 நாட்களுக்கு மறுபடி ஒட்டக்கூடாது என்பதால், முதுகின் படம் ஒன்றை வரைந்து அதில் தேதி குறித்துவருகிறோம். அப்படியும் தோல் சில நாள் சிவக்கிறது. ஒருமுறை அம்மா பழையதை எடுக்க மறந்து புதியதையும் ஒட்டிவிட, அப்பா இரவு முழுவதும் குமட்டலாலும் தலைசுற்றலாலும் துன்பப்பட்டார். அன்றுமுதல், பழையதைக் கழற்றிக் கையில் காட்டிய பிறகே புதிய உறையைப் பிரிக்கிறோம்.

விலை அதிகம்; எப்போதும் கிடைப்பதும் இல்லை. எங்கள் பகுதி மருந்துக்கடையில் நான்கு நாட்கள் இருப்பில்லாமல் போயிற்று. மூன்று நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் குறைந்த அளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால், ஒரு மாத முன்னேற்றத்தை இழந்தோம்.

இது நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்தல்ல. அப்பாவுக்கு நடுக்கமும் சிறிது கூடியிருக்கிறது. ஆயினும் அந்தக் குழந்தைகள் வருவது அரிதாகிவிட்டது. காப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளாதவர்களின் வீட்டார் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்கலாம். சென்ற வாரம் அப்பா பால் கணக்கைத் தாமாகவே கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் தவறினாலும், கடைசி வரிவரை போட்டு முடித்தார். அடுத்த மாதத்துக்கான பெட்டியை இப்போதே வாங்கி வைத்துவிட்டோம்.